ராணுவ நாய்களோடு ஒரு வேலை: உள்ளே என்ன நடக்கிறது, எந்த வழியாகப் போவது

காஷ்மீர் மோதலில் ராணுவ நாய் ஒன்று இறந்துபோனால் அன்று முழுக்க அதன் படம்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும். 2022 அக்டோபரில் ஜூம், 2023 செப்டம்பரில் கென்ட், 2024 அக்டோபரில் பேண்டம் என்று வருடம் ஒன்றாகப் பார்த்துவிட்டோம். அந்தப் படங்களைப் பார்த்த பிளஸ் டூ பிள்ளைகள் பலருக்கு ஒரு கேள்வி வரும். "எனக்கு நாய்னா உயிர். மிலிட்டரியில் நாய்களோடு வேலை செய்ய என்ன படிக்கணும்?"

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு ராணுவ நாய்க்குப் பின்னால் பல பேர் இருக்கிறார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போகும் ஹேண்ட்லர், காயத்துக்குக் கட்டுப் போடும் கால்நடை நர்சிங் அசிஸ்டென்ட், அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர், கொட்டிலைப் பார்த்துக்கொள்பவர், பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் என்று ஆளுக்கொரு படிப்பு, ஆளுக்கொரு வாசல். எந்த வாசலில் போனாலும் ஒன்று பொது: நீங்கள் முதலில் சிப்பாய் அல்லது அதிகாரி, நாய் அதற்கு அப்புறம்தான். ஓட்டம், உடல் தகுதி, தேர்வு, மெடிக்கல் எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளபடியே உங்களுக்கும் உண்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாய் மேல் பாசம் இருக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். இந்த வேலைக்குப் பாசத்தைவிட அதிகம் தேவைப்படுவது, நேற்று இருந்த நாய்க்கும் இன்று இருக்கும் நாய்க்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கிற கண். இங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது. இதற்குள் வெடி இருக்கிறது என்றும் வாயால் சொல்லாது. இரண்டையும் உடம்பால்தான் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

மீரட்டில் இருக்கிறது தலைமை வீடு

இந்திய ராணுவத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளத் தனிப் படைப்பிரிவே இருக்கிறது. பெயர் ரிமவுண்ட் அண்டு வெட்டர்னரி கோர், சுருக்கமாக ஆர்.வி.சி. 1779-ல் வங்காளத்தில் குதிரை வளர்ப்புக்காகத் தொடங்கிய அமைப்புதான் இதன் வேர். குதிரை, கோவேறு கழுதை, நாய் மூன்றும் இவர்கள் பொறுப்பு. இமயமலையில் ரோடு போகாத சாவடிகளுக்குச் சாமான் சுமக்கிற கோவேறு கழுதைகளைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் படம் போடுவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஆர்.வி.சி.யில் சேர்ந்தால் உங்கள் பங்குக்குக் கழுதை வரவும் வாய்ப்பு உண்டு. நாய்தான் வேண்டும் என்று அடம் பிடிக்க முடியாது.

இந்தப் பிரிவின் மையமும் கல்லூரியும் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் இருக்கின்றன. நாய்ப் பயிற்சிப் பள்ளி அங்கே 1960-ல் வந்தது. குட்டிகளை அங்கேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், ஹேண்ட்லரோடு ஜோடி சேர்த்து வெளியே அனுப்புகிறார்கள். வெளியே என்றால் ஆர்மி டாக் யூனிட்டுகளுக்கு. 2022-ல் வந்த செய்திகளின்படி, 25-க்கும் மேற்பட்ட முழு யூனிட்டுகளும் இரண்டு அரை யூனிட்டுகளும் இருந்தன. முழு யூனிட்டில் 24 நாய்கள், அரை யூனிட்டில் 12.

இனம் என்று பார்த்தால் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினுவா மூன்றும்தான் பெரும்பாலும். வெடிமருந்து மோப்பத்துக்கு லேப்ரடார் பிடித்தமான இனம். பாய்ந்து பிடிக்கிற வேலைக்கு மாலினுவா; ஜூமும் பேண்டமும் அந்த இனம்தான். நம் நாட்டு இனங்களையும் ஒதுக்கிவிடவில்லை. கர்நாடகத்து முதோல் குட்டிகள் 2016-ல் மீரட்டுக்குப் போயின. 2021 பிப்ரவரியில், வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோந்து கொரோனாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய நாய்களை ராணுவம் டெல்லியில் காட்டியபோது, அவற்றில் ஜெயா, மணி என்ற இரண்டு சிப்பிப்பாறை நாய்கள் இருந்தன. பெயரைக் கேட்டாலே தெரியும், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று.

ஹேண்ட்லர்: கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்

படங்களில் நாம் பார்ப்பது இவரைத்தான். ராணுவத்தில் இவரையும் டாக் டிரெய்னர் என்றே சொல்வார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாய். அந்த நாயின் சாப்பாடு, குளியல், நடை, பயிற்சி, வேலை எல்லாம் அவர் கையில்.

காலையில் கொட்டில் கதவைத் திறந்ததும் அவர் நாயைக் கொஞ்சுவதற்கு முன் தரையைப் பார்ப்பார். இரவு வைத்த தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது? தட்டில் மிச்சம் உண்டா? மலம் கெட்டியா, இளகலா, சளியோ ரத்தமோ புழுவோ தெரிகிறதா? அப்புறம்தான் நாய். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டத்தில் ஏதோ கோளாறு. காதைத் திருப்பி மோந்து பார்க்கிறார், புளித்த வாடை வந்தால் சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது. கழுத்துப்பட்டைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் கால் விரல் இடுக்கிலும் விரலை விட்டுத் துழாவுகிறார். உண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவை. உள்ளங்காலில் வெடிப்பு, முள், கொப்புளம் உண்டா என்று நான்கு காலையும் தூக்கிப் பார்க்கிறார். பிறகு பிரஷ். தினமும் பிரஷ் போடுவது அழகுக்காக மட்டும் இல்லை. கை போகாத இடத்தில் வீக்கமோ காயமோ இருந்தால் அப்போதுதான் தட்டுப்படும்.

இதெல்லாம் முடிந்து, கொட்டிலைக் கழுவி, அதன் பிறகுதான் பயிற்சி. மழை, பனி, தீபாவளி எதற்கும் விலக்கு கிடையாது. நாய்க்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி நிறையக் கட்டுக்கதை உண்டு. வெடிமருந்தைத் தின்னக் கொடுத்துப் பழக்குவார்கள், போதைப் பொருளுக்கு அடிமையாக்கிவிடுவார்கள் என்றெல்லாம் டீக்கடையில் பேசக் கேட்டிருக்கலாம். அப்படி எதுவும் இல்லை. எல்லாம் ஒரு பந்துக்காக.

வரிசையாகச் சில டப்பாக்கள் வைக்கிறார்கள். ஒன்றில் மட்டும் வெடிமருந்தின் வாசனை. நாய் ஒவ்வொன்றாக மோந்துகொண்டு வருகிறது. சரியான டப்பாவில் மூக்கு நின்ற கணத்தில் பந்து வந்து விழுகிறது, இரண்டு நிமிடம் விளையாட்டு. பலமுறை இப்படி நடந்ததும் நாய்க்குக் கணக்குப் புரிந்துவிடுகிறது: இந்த வாசனை எங்கே இருக்கிறதோ அங்கே பந்து உண்டு. அடுத்த கட்டத்தில் பந்து சும்மா வராது. வாசனையைக் கண்டதும் உட்கார்ந்தால்தான் வரும். பிறகு டப்பா போய் பெட்டி, பெட்டி போய் கார், கார் போய் சாலையோரம், மண்ணுக்கு அடியில் பல நாள் பழசாய்ப் புதைத்தது என்று படிப்படியாகக் கடினமாகும்.

ஏன் உட்கார வேண்டும்? தோண்டிக் காட்டினால் கண்ணிவெடி வெடித்துவிடும். அதனால் வெடிமருந்து நாய்க்குக் குரைப்பதும் பறண்டுவதும் கிடையாது. கண்டதும் உட்காரும், அல்லது படுக்கும், ஹேண்ட்லரைத் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான். நிலச்சரிவில் ஆள் தேடும் நாயின் கதை வேறு. அது குரைத்தே ஆக வேண்டும். இடிபாட்டின் மறுபக்கம் நிற்கும் ஹேண்ட்லருக்கு வேறு எப்படித் தெரியும்? 2023-ல் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போன தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரோமியோவும் ஜூலியும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை இடிபாட்டுக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தது அப்படித்தான்.

களத்தில் வேலை நடக்கும்போது ஹேண்ட்லரின் கண் நாயின் மூக்கு, வால், மூச்சு மூன்றிலும் இருக்கும். முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிராக நாயைக் கொண்டுபோவார். அப்போதுதான் வாசனை நாயை நோக்கி வரும். குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்த நாய் திடீரென்று தலையை வெட்டித் திருப்பும். வாய் மூடிக்கொள்ளும். மூச்சு சிறுசிறு உறிஞ்சலாக மாறும். வால் ஆடுகிற விதம் மாறும். இது உட்காருவதற்கு முன்னால் நடப்பது. அனுபவமுள்ள ஹேண்ட்லர் இங்கேயே நின்றுவிடுவார், தனக்குப் பின்னால் வருகிறவர்களையும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அந்த மாற்றத்தைப் பார்க்கத் தவறினால் அடுத்த அடி எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

இதிலே ஒரு சிக்கலும் உண்டு. ஹேண்ட்லர் நாயைப் படிக்கிற மாதிரி நாயும் ஹேண்ட்லரைப் படிக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 18 ஹேண்ட்லர்களும் அவர்களுடைய நாய்களும் கலந்துகொண்டார்கள். சில இடங்களில் வாசனைப் பொருள் வைத்திருப்பதாக ஹேண்ட்லர்களிடம் சொன்னார்கள், அடையாளமும் வைத்தார்கள். உண்மையில் எங்கேயும் ஒன்றும் வைக்கவில்லை. ஆனாலும் தேடல் முழுக்க 'இருக்கிறது' என்ற அறிவிப்புகள் வந்தபடி இருந்தன, அதுவும் ஹேண்ட்லர் நம்பிய இடங்களில் கூடுதலாக. இவர் தன்னை அறியாமல் கொஞ்சம் தயங்கியிருப்பார், கயிறு லேசாக இறுகியிருக்கும். நாய்க்கு அது போதும். இதனால்தான் நல்ல பயிற்சி மையங்களில் பொருள் எங்கே இருக்கிறது என்று ஹேண்ட்லருக்கே தெரியாமல் வைத்துச் சோதிக்கிறார்கள். முகத்தில் எதையும் காட்டாமல் நடக்கக் கற்பதும் இந்த வேலையின் பாதி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹேண்ட்லர் பெரும்பாலும் வரிசையின் முன்னால் நடக்கிறவர். 2015-ல் காஷ்மீரின் தங்தார் பகுதியில் பயங்கரவாதிகளின் தடத்தைப் பிடித்துப் போன மான்சி என்ற லேப்ரடாரும் அதன் ஹேண்ட்லர் பஷீர் அகமது வாரும் ஒரே மோதலில் உயிரிழந்தார்கள். கென்ட் இறந்தது ரஜோரியில், தன் ஹேண்ட்லரைக் காப்பாற்றுகிற முயற்சியில். நாயோடு விளையாடுகிற வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

வெயிலும் வயிறும்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைப்பதுதான் அதற்கு முக்கியமான குளிரூட்டி. அதன் சாதாரண உடல் வெப்பமே சுமார் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று மாத்திரை போடும் அளவு அதற்கு நல்ல ஆரோக்கியம். ராஜஸ்தான் வெயிலில் ஓடவிட்டால் 105, 106 என்று ஏறிவிடும், அதற்கு மேல் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். அப்படி ஆனால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை அந்த இடத்திலேயே நிழலில் போட்டு, தண்ணீரை ஊற்றி, விசிறிவிடுவது.

இதில் மோப்பமும் அடங்கியிருக்கிறது. வாயைத் திறந்து இரைக்கிற நாய்க்கு மோந்து பார்க்க மூக்கு ஓய்வாக இல்லை. மனிதனுக்கு வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அந்த 20 கோடியும் களைத்துப்போன நாயிடம் பாதிதான் வேலை செய்யும். அரை மணி நேரம் போலத் தீவிரமாகத் தேடினால் ஓய்வு கொடுக்க வேண்டும். அவசரத்தில் இருக்கிற மேலதிகாரியிடம், "சார், இப்ப இது மோந்து பார்த்தாலும் நம்ப முடியாது" என்று சொல்கிற தைரியம் ஹேண்ட்லருக்கு வேண்டும். கற்றுக்கொடுக்கக் கஷ்டமான பாடம் இதுதான் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டிலும் ஒரு கண்டிப்பு உண்டு. வேலைக்குச் சற்று முன்போ, முடித்து இரைக்க இரைக்க வந்ததுமோ வயிறு நிறையப் போடக் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிறைந்து அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வயிறு உப்பும், வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போய்விடும்.

நர்சிங் அசிஸ்டென்டும் டாக்டரும்

ஹேண்ட்லர் கவனித்துச் சொன்ன வித்தியாசத்தை அடுத்து வாங்கிக்கொள்பவர் கால்நடை நர்சிங் அசிஸ்டென்ட். காயத்தைச் சுத்தம் செய்வது, ஊசி, சலைன், ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது, தடுப்பூசிக் கணக்கு, மருந்து இருப்பு, அறுவை சிகிச்சையில் டாக்டருக்குக் கை கொடுப்பது. ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளில் ஒன்று தேதி தவறினாலும் கேள்வி இவரிடம்தான் வரும். நம் தட்பவெப்பத்தில் இவர் அதிகம் மல்லுக்கட்டுவது உண்ணிக் காய்ச்சலோடு. எர்லிக்கியா, பபேசியா என்று கிருமிக்குப் பெயர் வேறு வேறானாலும் கொண்டுவருவது உண்ணிதான். நாய் இரண்டு நாள் சோர்ந்து கிடக்கும், சாப்பாடு குறையும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். மூக்கை வைத்துப் பிழைக்கிற நாய்க்கு இதைவிடக் கெட்ட காலம் வேறு இல்லை.

டாக்டர் என்பவர் ஆர்.வி.சி. அதிகாரி. இங்கே வெளியே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: டாக் யூனிட்டின் கமாண்டரும் பொதுவாக இந்தக் கால்நடை மருத்துவ அதிகாரிதான். மருந்துச் சீட்டு எழுதுவதோடு அவர் வேலை முடியாது. எந்த நாயை எந்த ஆபரேஷனுக்கு அனுப்புவது, எந்த ஹேண்ட்லருக்கு லீவு, எந்த நாய்க்கு ஓய்வு என்று எல்லாம் அவர் மேஜையில்தான். பெரிய காயங்களுக்குக் களத்துக்குப் பக்கத்திலேயே ராணுவக் கால்நடை மருத்துவமனைகள் உண்டு. 2022 அக்டோபரில் அனந்தநாக் மாவட்டத்தில் இரண்டு குண்டு பாய்ந்த பிறகும் சண்டையை விடாத ஜூமை ஸ்ரீநகரில் அப்படி ஒரு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள், கொஞ்சம் தேறியது போல இருந்தது, 13-ம் தேதி இறந்துபோனது. ஒரு ராணுவ கால்நடை மருத்துவரின் வேலையில் இந்த மாதிரி நாட்களும் அடக்கம்.

சரி, எப்படிச் சேர்வது?

அதிகாரியாக வேண்டுமென்றால் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். பி.வி.எஸ்சி. ஏ.எச். என்பது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கல்லூரிகள் இருக்கின்றன. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட். படித்து முடித்தவர்களை ஆர்.வி.சி. குறுகிய காலப் பணிக்கு எடுக்கிறது. வயது 21 முதல் 32. முதலில் ஐந்து வருடம், பிறகு இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். விண்ணப்பத்தைச் சலித்து, எஸ்.எஸ்.பி. எனப்படும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத் தேர்வு, மெடிக்கல் என்று போகும். எழுத்துத் தேர்வை விட எஸ்.எஸ்.பி. வேறு மாதிரி; கூட்டத்தோடு எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். சேரும்போதே கேப்டன் பதவி. ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் ரூ.61,300-ல் தொடங்குகிறது, அதோடு மாதம் ரூ.15,500 ராணுவப் பணி ஊதியமும், தனியே பிராக்டீஸ் செய்யாததற்கான படியும் உண்டு. முன்பு ஆண்களை மட்டும் எடுத்த பிரிவு இது. இப்போது பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

நர்சிங் அசிஸ்டென்ட் வெட்டர்னரி என்று ராணுவச் சேர்ப்பு அறிவிப்பில் தனி வகையாகவே வரும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதமும் பாடத்துக்குப் பாடம் 40 சதவீதமும் கேட்கிறார்கள். கால்நடை டாக்டராக மதிப்பெண் போதாமல் போன பிள்ளைகள் இந்தக் கதவைத் தட்டாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நாயைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற வேலை இதைவிட நேரடியாக வேறு எங்கே கிடைக்கும்?

ஹேண்ட்லருக்குத்தான் வழி வளைந்து போகிறது. சிப்பாயாகச் சேர வேண்டும், ஆர்.வி.சி. ஒதுக்கப்பட வேண்டும், அதற்குள் நாய்ப் பயிற்சியாளர் வேலை கிடைக்க வேண்டும். மூன்றும் உங்கள் கையில் முழுசாக இல்லை. 2022-க்குப் பிறகு சாதாரணச் சிப்பாய்ச் சேர்ப்பு அக்னிவீர் முறையில் நடக்கிறது. நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். ஒரு நாய் பயிற்சி முடிந்து ஏழெட்டு வருடம் வேலை பார்க்கும். ஆளின் நான்கு வருடம் அதன் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, நாயைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டு வரும் நாளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சேர வேண்டும்.

நாயோடுதான் இருப்பேன் என்பதில் பிடிவாதம் உள்ளவர்களுக்கு ராணுவத்தை விடத் துணை ராணுவப் படைகள் நேரான வழி என்று சொல்வேன். எல்லைப் பாதுகாப்புப் படையும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் கென்னல்மேன், அதாவது நாய்க் கொட்டிலைப் பார்த்துக்கொள்பவர், என்ற பெயரிலேயே கான்ஸ்டபிள்களை எடுக்கின்றன. பத்தாம் வகுப்பு போதும். எல்லைப் பாதுகாப்புப் படை விலங்குகளைக் கையாண்ட அனுபவமும் கேட்பதுண்டு. அடிப்படைச் சம்பளம் ரூ.21,700. கால்நடை உதவியாளர் படிப்பு முடித்தவர்களுக்கு ஹெட் கான்ஸ்டபிள் பதவி, அது ரூ.25,500. டாக்டர்களை அசிஸ்டென்ட் கமாண்டென்ட்டாக எடுக்கிறார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் குவாலியர் அருகே தேகன்பூரில் இருக்கிறது. தடம் பிடிக்கும் நாய்க்கு 36 வாரம், வெடிமருந்து நாய்க்கு 24 வாரம் என்று அங்கே பயிற்சி. பல மாநிலப் போலீஸ்காரர்களும் நாயோடு வந்து தங்கிக் கற்றுப் போகிறார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பள்ளி நமக்குப் பக்கம்தான், பெங்களூரு அருகே தரளுவில்.

தகுதியும் வயதும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும் என்பதால் அந்தந்தப் படையின் இணையதளத்தில் அப்போது வந்திருப்பதைப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். இன்னொரு எச்சரிக்கை: ஆர்மி டாக் டிரெய்னர் சர்டிபிகேட் தருகிறோம், அதை வைத்துப் படையில் நேரே சேரலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டு நாய்களைப் பழக்கும் தொழிலுக்கு அந்த மாதிரிப் படிப்புகள் உதவலாம். ராணுவத்தின் சேர்ப்பு முறையில் அதற்கு இடம் இல்லை. நாயைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் அவர்களே ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

படிக்கிற காலத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டால், காலையில் ஓடுங்கள். விடுமுறையில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கூடமாட நின்று பாருங்கள். ரத்தம், சீழ், மலம் மூன்றையும் முகம் சுளிக்காமல் பார்க்க முடிகிறதா என்பது அங்கே ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் தினமும் அது எவ்வளவு சாப்பிட்டது, எப்படி நடந்தது, மூச்சு எப்படி என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இந்தியும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்; மீரட்டில் பாடம் கேட்கவும் பக்கத்துக் கட்டில்காரரோடு பேசவும் அது தேவைப்படும்.

வேலை முடிந்த நாய்கள்

வயதாகி, மூக்கும் காலும் தளர்ந்த நாய்களை என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. நம் ராணுவத்தில் நெடுங்காலம் இருந்த வழக்கம் கருணைக்கொலை. 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு ராணுவமே இதை ஒப்புக்கொண்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. அதற்குப் பிறகு கொள்கை மாறியது. இப்போது ஓய்வு பெற்ற நாய்களை மீரட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள், தத்தும் கொடுக்கிறார்கள். தீராத நோயில் துடிக்கிற நாய்களுக்கு மட்டுமே கருணைக்கொலை.

இதனால் அங்கே முதிய நாய்களைப் பார்த்துக்கொள்வதும் தனி வேலையாகிவிட்டது. இடுப்பு மூட்டுத் தேய்மானம், கண்புரை, சிறுநீரகக் கோளாறு, பல் விழுவது என்று வயோதிகத்தின் எல்லாத் தொல்லையும் நாய்க்கும் உண்டு. ஓடி ஓடி உழைத்த உடம்புக்கு மூட்டுவலி சற்று முன்னதாகவே வருகிறது. தத்தெடுக்க விரும்பும் பொதுமக்கள் ஆர்.வி.சி.க்கு எழுதிக் கேட்கலாம், கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று பத்திரம் எழுதித் தர வேண்டும். எட்டு ஒன்பது வயது நாய் என்பதால் மருத்துவச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டு கேளுங்கள்.